வெர்னா வைக்கும் தட்டு

அக்டோபர் 14

இன்று மாடுகளுக்குச் சினை பார்த்தோம். ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் வந்தன. கால்நடை டாக்டர் ஸ்ட்ரூப் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு, கையை உள்ளே விட்டு, "இருக்கு", "இருக்கு", "காலி" என்று சொல்லிக்கொண்டே போனார். காலி என்றால் அதன் முதுகில் நீலச் சாயத்தால் கோடு இழுப்பது என் வேலை. கோடு விழுந்ததெல்லாம் சந்தைக்கு. காலி மாட்டுக்கு மொன்டானா குளிர்காலம் முழுக்க வைக்கோல் போட இங்கே எவனுக்கும் மனசு வராது.

என் மாமியார் வெர்னா வேலியில் சாய்ந்து நின்றிருந்தாள். "கார்லா, அந்தச் சாயம் உன் முதுகுல பட்டுடாமப் பாத்துக்கம்மா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வேட்டும் சிரித்தான். என் புருஷன்தான்.

சாணி நாற்றம் எனக்குப் பழக்கம். அந்தச் சிரிப்புதான் குமட்டியது.

அக்டோபர் 23

பில்லிங்ஸ் ஆஸ்பத்திரி. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். காலை விரித்துப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்க வேண்டும். கூரையில் கடற்கரைப் படம் ஒட்டியிருக்கிறார்கள், தென்னை மரத்தோடு. எந்தப் புண்ணியவானுக்கு வந்த யோசனையோ. கடல் எனக்கு ஜென்மத்துக்கும் பிடிக்காமல் போய்விட்டது.

டாக்டரம்மா நல்லவள்தான். "உங்களுக்கு ஒரு குறையும் தெரியல. உங்க வீட்டுக்காரர் சோதனைதான் இன்னும் வரல" என்றாள். போன தடவையும் கேட்டாள், அதற்கு முந்தின தடவையும்.

"வைக்கோல் கட்டுற வேலைங்க. நேரமே இல்ல" என்றேன்.

பனி விழ ஆரம்பித்துவிட்டது. இன்னும் எந்த வைக்கோல்? அவனுக்காக நான் பொய் சொல்கிறேன். சீ.

அக்டோபர் 24

மாதிரி கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் வேட்டுக்குத் தந்த டப்பா பிக்கப் வண்டியில் கிடந்தது. உள்ளே வேலி ஆணி.

நவம்பர் 27

நன்றி நாள் விருந்து, வெர்னா வீட்டில். வான்கோழியை வெட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்: "போன மே மாசம் நான் வெச்சதை ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா, அடுத்த வருஷம் இந்த மேசைல ஒரு குட்டி நாற்காலி கூடியிருக்கும்."

மே மாதம் கன்றுகளுக்குச் சூடு போடும் நாளைச் சொல்கிறாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் கூடி வந்து வேலை செய்வார்கள். காளைக் கன்றுகளுக்குக் காயடித்து, அந்த விதைகளை மாவில் புரட்டிப் பொரித்து, எல்லோரும் பீருடன் தின்போம். உண்மையைச் சொன்னால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அது பிடிக்கும். கல்யாணமான பிறகு, பிள்ளை தங்கும் என்று வெர்னா எனக்கு மட்டும் தனித்தட்டு வைக்க ஆரம்பித்தாள், ஊரே பார்க்க. நான் மெல்லுவதை ஊரே பார்க்கும். அன்றிலிருந்து தொண்டையில் இறங்குவதில்லை.

வேட் கிழங்கு மசியலில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான். மும்முரமாக.

ஜனவரி 8

கரு தங்க டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைத் தின்றால் வாந்தி. "நல்ல சேதியா?" என்கிறாள் கடைக்காரி. மாத்திரையடி, வெறும் மாத்திரை.

மார்ச் 18

மந்தையில் விடுவதற்கு முன் காளைகளுக்கு விந்து சோதனை. வருஷா வருஷம் செய்வதுதான். ஸ்ட்ரூப் கொட்டகையில் நுண்ணோக்கியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வேட் இத்தனை நாள் பெருமையடித்துக்கொண்டிருந்த டியூக் தேறவில்லை.

"மலை மாதிரி நிக்கிறான், உள்ள ஒண்ணுமில்ல பாரு" என்றான் வேட். "இதுக்குத்தான் சொல்றது. சோதிக்காம காளைய மந்தைல விடுறவன் மடையன்."

"அதை இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

"எதை?"

"மாடு சினை பிடிக்கலேன்னா மொதல்ல காளையத்தான பாக்குற? வீட்டுல மட்டும் ஏன் நானே காலை விரிச்சுக்கிட்டுக் கெடக்கணும்?"

ஸ்ட்ரூப்புக்குத் திடீரென்று கை கழுவும் வேலை வந்துவிட்டது.

"எங்க குடும்பத்துல யாருக்கும் அந்த மாதிரி கெடையாது" என்றான் வேட். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"டியூக்கோட அப்பனுக்கும்தான் கெடையாது."

பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 19

அவன் கொட்டகையிலேயே சாப்பிட்டான். நான் அடுப்படியில்.

ஏப்ரல் 9

காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னல் விளிம்பில் வேலி ஆணிகள் கொட்டிக் கிடக்கின்றன. டப்பாவைக் காணோம். வேட்டையும் காணோம். கன்று போடும் நேரத்தில் இப்படிப் போகிறவன் இல்லை.

மத்தியானம் வந்தான். "ஆஸ்பத்திரில புது டப்பா குடுத்தாங்க" என்றான். "பழசைப் பாத்து அந்தப் பொண்ணு மூஞ்சியச் சுளிச்சிருச்சு."

ஒரு ரூம், ஒரு பிளாஸ்டிக் சோபா, சோபா மேல் காகித விரிப்பு. "அருவருப்பா இருந்துச்சு கார்லா" என்றான். அப்படியா ராசா. ஒரு நாளைக்கே அப்படியா.

ஏப்ரல் 17

வேட்டின் விந்தில் அனேகமாக உயிரணுவே இல்லை என்றாள் டாக்டரம்மா. ஒன்றிரண்டைத் தேடி எடுத்து ஆய்வகத்தில் என் கருமுட்டையோடு சேர்க்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதான். கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓங்கி அறையவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யவில்லை.

அப்புறம் சொன்னான்: "அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. ஊர்ல எவன்கிட்டயும் சொல்லாத."

அதாவது நீலக் கோடு என் முதுகிலேயே இருக்கட்டும் என்கிறான். நானும் சரி என்றேன். ஏன் சொன்னேன்? அவன் மேல் வந்த வெறுப்பைவிட என் மேல் வந்ததுதான் அதிகம். வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் குளித்தும் போகவில்லை.

மே 16

கன்றுகளுக்குச் சூடு போட்டு முடித்தோம். தலைமுடியெல்லாம் பொசுங்கின மயிர் நாற்றம். கொட்டகையில் நீள மேசை, ஊரே உட்கார்ந்திருந்தது.

வெர்னா தட்டோடு வந்தாள். "உனக்குன்னு இளசாப் பாத்துப் பொறுக்கி வெச்சேன் கண்ணு. இந்த வருஷமாச்சும் மிச்சம் வைக்காத. என் கண்ணு மூடறதுக்குள்ள ஒண்ணைப் பாத்துடணும்." கிண்டல் இல்லை, நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

வேட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். முள்கரண்டியை எடுத்தேன்.

தட்டு நகர்ந்தது. வேட் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"டேய், அது அவளுக்குடா."

"எனக்கு வெக்க வேண்டிய தட்டும்மா இது. குறை என்கிட்டத்தான். டாக்டர் பாத்துச் சொல்லியாச்சு. கார்லாவுக்கு ஒண்ணும் இல்ல, எப்பவும் இருந்ததில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்ட்ரூப் குனிந்து பீன்ஸைக் கிளறினார். வெர்னா இடுக்கியைப் பிடித்தபடியே நின்றாள். வேட் ஒவ்வொன்றாக எடுத்து மென்று விழுங்கினான். ஊரே பார்த்தது.

இவ்வளவு நாள் அவன் வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் மறக்கப் போவதில்லை. ஆய்வக வழியில் போவதா என்பதையும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் பசித்தது. அவன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். இறங்கியது. நல்ல மொறுமொறுப்பு, மிளகு தூக்கலாக. வெர்னாவுக்குக் கைப்பக்குவம் உண்டு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.