மேஸ்திரி வைத்த இங்கிலீஷ் வகுப்பு

மகனுக்கு,

ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்த வருஷம், உன் அக்கா தவழ ஆரம்பித்த சமயம், நானும் உன் சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் சாயக் கம்பெனியில் சேர்ந்தோம். இதை எழுதுவது மருந்துக்கடைப் பெண், சொல்வது நான்.

வேலை பழக்குவதற்கு முன்னால் மேஸ்திரி எங்களை உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். "எஸ் சார். நோ ப்ராப்ளம். வெரி குட். இனிமே நீங்கல்லாம் துரைங்கடா!" உன் சித்தப்பா சோறு போட்ட உன் அம்மாவிடமே "வெரி குட்" சொல்லி, கரண்டியால் அடி வாங்கினான்.

ஆறாம் மாசம் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். தொட்டிப் புகையில் கண் எரிய நின்றோம். இங்கிலீஷில் என்னைத்தான் முதலில் கேட்டார். "நோ ப்ராப்ளம் சார்" என்றேன். மற்ற நால்வரும் அதையே சொன்னார்கள். எழுதிக்கொண்டு போய்விட்டார். மூச்சு முட்டுகிறதா என்று கேட்டாராம். அவருடைய டிரைவர் பிற்பாடு சொன்னார்.

அடுத்த மழைக்குள் சித்தப்பா இருமி இருமிப் போய்ச் சேர்ந்தான். அவன் பின்னாலேயே மூன்று பேர்.

"நம்ம பழைய கம்பெனியிலயே வேலை கிடைச்சிருக்குப்பா. முதல்ல இங்கிலீஷ்தான் சொல்லித் தர்றாங்க, யோகம்தான்!" என்று நீ எழுதியதை இவளை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். பதில் போடாதே. கிளம்பி வா.

ஐந்து பேரில் உயிரோடு இருக்கும் ஒரே ஆள்,
உன் அப்பா.