சாகாத கிருமியைக் கண்ட சௌந்தர்யாவுக்கு மெமோ

அனுப்புநர்:
லிடியா, க/பெ ஜெரால்ட்,
லாரி ஸ்டாண்டு பின்புறம், சங்ககிரி.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப் பணிகள், சேலம்.

பொருள்: அரசு மருத்துவமனை ஆய்வகப் பணியாளர் சௌந்தர்யாவுக்கு வழங்கிய மெமோவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் லாரி டிரைவர். தார்ப்பாய் கட்டும்போது கம்பி கிழித்த காலில் டீசலைத் தடவிக்கொண்டு நாக்பூர் வரை போய் வந்தார். வந்து இறங்கியபோது கால் தொடைவரை வீங்கியிருந்தது. காய்ச்சல் வேகத்தில் என்னையே யாரென்று கேட்டார்.

2. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. அதற்குப் பென்சிலின் கேட்கும் என்று ஆய்வக அறிக்கை வந்தது. ஊசி போட்டதும் காய்ச்சல் விட்டது, நிறுத்தியதும் திரும்பியது. காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் மருத்துவர். நான் அழுத அழுகை வார்டுக்கே தெரியும்.

3. ஒப்பந்தப் பணியாளரான சௌந்தர்யா, என் கணவரின் கிருமியை வளர்த்துப் பார்த்த, குப்பைக்குப் போக வேண்டிய பரிசோதனைத் தட்டை எடுத்து, அதன் நடுவே வைத்திருந்த பென்சிலின் வில்லையை நீக்கி, கிருமிக்குச் சத்து வைத்து, இன்னொரு நாள் விட்டுப் பார்த்தார். வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாதிருந்த வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. "இது சாகலீங்க்கா. லாரிய ஓரங்கட்டின மாதிரி சும்மா நிக்குது. மருந்து போனா மறுக்கா கெளம்பிரும்ங்க" என்று எனக்கு விளக்கினார். தட்டை அவர் காட்டியதும் மருத்துவர் வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் என் கணவர் பிரியாணி கேட்டார்!

4. இனி என் குற்றம். சந்தோஷம் தாங்காமல், சௌந்தர்யாவின் படம் போட்டு, "குப்பைத் தட்டில் கிருமியைப் பிடித்த வீராங்கனை" என்று மருத்துவமனை வாசலில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ் வைத்தேன். காதுகுத்துக்கே ஃபிளெக்ஸ் வைக்கும் ஊர் ஐயா இது, உயிர் பிழைத்ததற்கு வைக்காமல் இருப்போமா? அதைப் படித்துத்தான் நிர்வாகத்துக்கே விஷயம் தெரிந்தது. அனுமதியின்றிப் பரிசோதித்ததாக மெமோ வந்துவிட்டது. விளக்கம் திருப்தி இல்லையென்றால் அவருக்கு வேலை போய்விடும்.

5. தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள். மெமோவை ரத்து செய்து, காய்ச்சல் திரும்பும் நோயாளிகளுக்கு இப்படி மறுநாளும் தட்டைப் பார்ப்பதை நடைமுறையாக்க வேண்டுகிறேன்.

6. இம்மனுவைத் தபாலில் அனுப்பவில்லை. என் கணவரே தங்கள் அலுவலக மாடிப்படி ஏறி வந்து கையில் தருகிறார். அவருடைய இரண்டு கால்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள் ஐயா.

நாள்: 14.07.2025
இடம்: சங்ககிரி

இப்படிக்கு, நன்றியுடன்,
ஜெ. லிடியா