தெருப்பக்கச் சுவர்

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போனில் கேட்டால் ‘ம்’ என்கிறாய், அந்த ‘ம்’மை நான் நம்புவதில்லை. இதையும் போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் மணி அடித்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

சுடுதண்ணீர்க் குழாய் நம் தெருவுக்கும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் முடிந்து இப்போது வீடுகளின் முறை. அப்பா வேலை பார்க்கும் பாய்லர் கொட்டகையில் மரச்சில்லை எரித்துத் தண்ணீரைக் காய்ச்சி மண்ணுக்கடியில் அனுப்புகிறார்கள், அது வீடு வீடாகப் போய் அறையைக் கதகதப்பாக்கும் ரேடியேட்டரைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வருமாம். தெருவையே கிண்டிப் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுத் தையல்காரி பள்ளத்தைத் தாண்டும்போது ஒரு செருப்பை உள்ளே விட்டுவிட்டாள், அதன் மேலேயே மண்ணைத் தள்ளிவிட்டார்கள், செருப்புக்கு இனிமே குளிராது என்று சொல்லிச் சிரிக்கிறாள். காட்டை மொட்டையடித்துவிடப் போகிறீர்களா என்று நீ போன தடவை கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். மர மில்லில் அறுத்து மிஞ்சுகிற ஓரக்கட்டை, பட்டை, காட்டில் கழித்துப் போடுகிற கிளை, இவைதான் வருகின்றன என்கிறார். போன மாதம் ஒரு லாரிக்காரர் முழுசு முழுசாக நல்ல மரத்தை இறக்கப் பார்த்தார். இவர் வாசலில் குறுக்கே நின்று, இது வீடு கட்டுற மரம்யா, இதை எரிக்க எனக்குக் கை வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்.

இப்படி ஊருக்கெல்லாம் புகையில்லாத சூடு அனுப்புகிறவர் நம் வீட்டில் மட்டும் அந்தப் பழைய விறகுக் கணப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அதன் கதவு சரியாக மூடாது, கூடமெல்லாம் புகை. அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது சின்னு. மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல் பாவனை பண்ணுகிறார். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை, இன்னொரு குளிர்காலம் இவர் இந்தப் புகையில உக்காந்தா நான் பொறுப்பில்லைங்க என்று சொல்லிவிட்டார். சரி என்று குழாய்க்காரரை வரச்சொன்னேன். தெருவிலிருந்து குழாய் உள்ளே வரும் இடத்தில் சூட்டை வீட்டுக்குள் பிரித்துவிட பீரோ அளவுக்கு ஒரு பெட்டி வைக்க வேண்டும், அதற்குத் தோதான தெருப்பக்கச் சுவர் உன் அறையில்தான் இருக்கிறது, கட்டிலையும் மேசையையும் எடுத்தாக வேண்டும் என்றார் அவர். அவ வந்தா எங்க படுப்பா, பெட்டி மேலயா என்று அப்பா கேட்டார். குழாய்க்காரர் என்னைப் பார்க்க, நான் விட்டத்தைப் பார்க்க, அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நீ ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்கிறாய். நீ சோபா வாங்கினேன் என்று போட்டோ அனுப்பினாயே, அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா மட்டும் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிசை வரும்போது எப்படித் தூக்கிட்டு வருவா என்று கவலைப்பட்டார். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் வேலை அங்கே, உன் சிநேகிதர்கள் அங்கே. அவர் மனசு நோகக்கூடாது என்றுதான் நீ அப்படிச் சொல்கிறாய், தெரியும். மனசு நொந்தால் ரெண்டு நாள் பேசமாட்டார், சாப்பாட்டில் உப்பில்லை என்பார், அப்புறம் தேறிவிடுவார். நானும் ஒரு பாட்டம் அழுவேன், அழுதுவிட்டுப் போகிறேன். மூச்சு நின்றால் என்ன செய்வது? மாதக் கடைசியில் நம் வாசல் பள்ளத்தையும் மூடிவிடுவார்களாம், அப்புறம் அடுத்த கோடைக்குத்தான் தோண்டுவார்கள்.

வருவதானால் எந்த மாதம் என்று சொல், நான் கட்டிலைத் துடைத்து வைக்கிறேன். வராவிட்டால் வரவில்லை என்று அவரிடமே சொல். நீ விருந்தாளியாக வந்தாலும் கூடத்தில் பாய் விரித்து உன் பக்கத்தில் நான் படுத்துக்கொள்வேன். எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க நன்றாக இரு கண்ணு. அடுத்த வருஷம் வரேன்ப்பா என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. அதை நம்பித்தான் மனுஷன் மூச்சு வாங்க வாங்க விறகு பிளந்துகொண்டிருக்கிறார்.

உன் அம்மா