வெறும் செம்பில் நான் வார்த்த தண்ணீர்

என் பிரியமுள்ள வேணு அண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடிய பங்குனிக்குப் பிறகு படுத்துக் கிடந்த நம் நாடக சபை, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. விழுப்புரத்தில் ஒத்திகை நடக்கிறது. அதே நாடகம்தான். மிராசுதார் வேஷத்தில் நீங்கள் தாகத்தோடு என் குடிசை வாசலுக்கு வந்து கை நீட்டுவீர்கள். சேரிக்காரனாக நான் செம்பிலிருந்து உங்கள் குவளையில் தண்ணீர் வார்ப்பேன். மேடையிலும் நான் சேரிக்காரன், இறங்கினாலும் சேரிக்காரன். எனக்கு வேஷச் செலவே இல்லை என்று நீங்கள் கேலி செய்வீர்கள்.

திண்டிவனத்தில் நீங்கள் அந்தக் குவளையை வாயில் வைத்ததும் பெண்கள் விசும்பினார்கள். ஆண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அது வெறும் செம்பு என்பது நம் சபைக்கு மட்டும்தான் தெரியும். திரைக்குப் பின்னால் ஆர்மோனியக்காரர் குடத்துக்குக் குடம் தண்ணீர் ஊற்றிச் சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்குத் தக்கபடி நான் செம்பை மெல்லச் சாய்ப்பேன். நீங்கள் தொண்டை ஏறி இறங்கக் குடிப்பீர்கள்.

ஒரு நாள் கேட்டேன், நினைவிருக்கிறதா? "கொஞ்சமா ஊத்தட்டுமாண்ணே?"

"வாணாம்டா தம்பி. அம்மா காதுக்குப் போச்சின்னா தலமுழுவிடும். மொதல்ல ஜனங்க பாக்கட்டும். பாத்துப் பாத்துப் பழகிடுச்சின்னா அப்பால நெசமாவே குடிப்போம்."

உங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து பாட்டுக் கட்டியவர் நீங்கள். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. இல்லாத தண்ணீரை ஒரு சொட்டும் சிந்தாமல் வார்க்கத் தெரிந்த கை என்று என்னைப் பாராட்டினார்களே, அதற்கு நான் பூரித்துப்போனதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கிளியனூரில் டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தன் அன்று திண்டிவனத்தில் நம் நாடகம் பார்த்தவர். மறுநாளே கடைக்குப் பின்னால் எங்கள் ஆட்களுக்கென்று வைத்திருந்த கொட்டாங்குச்சிகளை உடைத்துப்போட்டுவிட்டாராம். எல்லாருக்கும் ஒரே கிளாஸ். பாதிப் பேர் கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். சொந்தத் தம்பியே பேச்சை விட்டுவிட்டான். போன வாரம் நான் கடலை மூட்டை தூக்கும் மல்லாட்டை மண்டிக்கு என்னைத் தேடி வந்தார்.

"சவரிமுத்து, ஒரே பேச்சு சொல்லுப்பா. அண்ணன் அன்னிக்கி குடிச்சாரா இல்லியா? அது வெறும் நடிப்புன்னு சொல்லிக்கினு திரியறானுங்க. ஒரே பேஜாரா இருக்குது."

"குடிச்சாருங்க" என்றேன்.

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையோடு கடைக்கு அழைத்துப் போனார். பெஞ்சில் என்னை உட்காரவைத்து, நாலு பேர் பார்க்க டீ கொடுத்தார். "அண்ணனுக்குத் தண்ணி ஊத்துன கை இதுதான்" என்று எல்லாருக்கும் காட்டினார். பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன், அண்ணே. நான் வைத்த கிளாஸைக் கழுவித் தரச் சொல்லி, ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர் தனக்கும் அதிலேயே டீ கேட்டார். பொய் சொல்லி அந்தக் கிளாஸை அவர் கையில் கொடுத்தவன் நான்தானே?

நம் நாடகம் ஊரை மாற்றியது என்று சந்தோஷப்படுவதா? மேடையில் நாம் செய்யத் துணியாததை ஒரு டீக்கடைக்காரர் நம்பிச் செய்துவிட்டாரே என்று தலைகுனிவதா? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மனசு கேட்கவில்லை. நேற்றுப் போய்க் கோவிந்தனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதனால்தான் இதை நாலு பேர் படிக்கும்படி எழுத முடிகிறது. அவர் அடுப்புக் கரியைக் கிளறிவிட்டார். பிறகு சொன்னார்:

"ஒடச்ச கொட்டாங்குச்சிய இனிமே ஒட்டவா முடியும்? நான் ஊத்திக்கினுதான் இருப்பேன், போ. ஆனா அடுத்த தபா செம்புல தண்ணி இருக்கணும்பா. முன்னால வந்து குந்திக்கினு பாப்பேன்."

உங்கள் வேஷத்தை இப்போது ஒரு வக்கீல் குமாஸ்தா கட்டுகிறார். நல்ல குரல். ஒத்திகையில் என்னைத் தனியே அழைத்து, "செம்பு காலிதானேப்பா?" என்று கேட்டார். இல்லைங்க, தண்ணீர் இருக்கும் என்றேன். மனிதர் முகம் போன போக்கு இருக்கிறதே, நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். அப்புறம் நீங்களும் தலையைக் குனிந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

அவர் குடிப்பாரா மாட்டாரா, சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். திரைக்குப் பின்னால் இனிக் குடம் கிடையாது. நிறைந்த செம்போடுதான் மேடை ஏறுவேன், சத்தம் கேட்க வார்ப்பேன். அவர் குடித்தால் ஜனங்கள் பார்க்கட்டும். குவளையைக் கீழே வைத்துவிட்டால், அதையும் பார்க்கட்டும்.

தண்ணீர் கேட்ட உங்களுக்குக் காற்றை வார்த்த தம்பி,
கெடார் சவரிமுத்து