ஊசி முளைத்த உலோகம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் அதற்கும் கோபித்துக்கொள்வாய். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். இங்கே என் ரத்த அழுத்தத்தைத் தவிர எல்லாம் நலம். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை என்று நீ விரதம் இருப்பதால், உங்கள் மின்நிலையத்துக்குச் சாமான் ஏற்றி வரும் எங்கள் ஆய்வகத்து ஓட்டுநர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பாவம், அவரைக் காக்க வைக்காதே.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவிடம் போய் என்னைப் பற்றிக் கோள் மூட்டியிருக்கிறாயே, உனக்கு வயது என்ன? குழம்புக் கரண்டியும் கையுமாக வந்து நின்று, “கூடப் பொறந்தவன் பொழப்புக்கே உலை வைக்கிறியாமே” என்று கேட்டாள். நான் உலையில் வைத்தது அவன் அனுப்பிய உலோகத் துண்டை, அவன் பிழைப்பை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை. இரண்டு நாளாக என் தட்டில் சாதத்தை வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கிறது.

இனி உன் விஷயம். பொறுமையாகப் படி.

டர்பைன் பிளேடுக்கென்று நீ போட்ட கலவை மட்டமானது என்று நான் எப்போதும் சொன்னதில்லை. முதல் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நானே அசந்துபோனேன். மூன்று நிக்கலுக்கு ஒரு அலுமினியம் என்று வரிசை தப்பாமல் அமைந்த படிகங்கள், கொத்தனார் நூல் பிடித்துக் கல் பதித்த தரை மாதிரி சதுரம் சதுரமாக நின்றன. மற்ற உலோகமெல்லாம் சூடேறினால் தளரும். இது ஓர் அளவுவரை சூடேற ஏற இறுகும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப அது உங்கப்பா வகையறாதான்” என்றாள். வெறுமனே விட்டால் படிக எல்லைகளில் பிளந்துகொள்ளும் என்று துளி போரான் சேர்த்தீர்கள். அதுவும் சரி.

மாலிப்டினத்தை யார் இவ்வளவு கொட்டச் சொன்னது? பலம் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று நீதானே கூட்டினாய்? அதிகமாகச் சேர்த்ததன் விளைவு புதுத் துண்டில் தெரியாது. அதனால்தான் வாரக்கணக்கில் சூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். நீயோ, அக்கா வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று மேலிடத்துக்கு எழுதினாய். எங்கள் மேலாளரைத்தான் உனக்குத் தெரியுமே, எதற்கெடுத்தாலும் “ஆகட்டும் பார்க்கலாம்” என்பவர். சோதனை முடிவதற்குள் அந்த ‘ஆகட்டும்’ தானே கையெழுத்துப் போட்டு பிளேடுகளை உனக்கு அனுப்பிவிட்டார்.

நேற்று உலையிலிருந்து துண்டை எடுத்தேன். தேய்த்து, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்துப் பார்த்தால், அந்த அழகான சதுரங்களுக்கு ஊடே ஊசி ஊசியாக வேறொரு படிகம் முளைத்திருக்கிறது. கலவைக்குப் பலம் தர வேண்டியதையெல்லாம் அந்த ஊசிகள் உறிஞ்சிக்கொண்டு, தாங்கள் மட்டும் விறைத்து நிற்கின்றன. விரிசலுக்கு இதைவிட நல்ல பாதை கிடைக்காது. இன்னொரு துண்டைச் சூட்டோடு இழுத்துப் பார்த்தோம். தாங்க வேண்டிய நேரத்தில் பாதிகூடத் தாங்கவில்லை. ஓடிப்போய் ‘ஆகட்டும்’ சாரிடம் சொன்னேன். “சாதா சூட்டுல பலம் சரியாத்தானேம்மா இருந்துச்சு” என்கிறார். பிளேடு அவர் மேசையிலா சுழலப்போகிறது?

அடுத்த வாரம் முழுச் சூட்டில் டர்பைனை ஓட்டப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? எல்லோரும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பார்கள், நீ மட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாய். பிய்ந்து வருகிற பிளேடு உன் பதவி என்ன என்று விசாரித்துவிட்டு வராது.

என் பேச்சு கசந்தால், போன சோதனையில் குறைந்த சூட்டில் வாரக்கணக்கில் ஓடிய பிளேடில் ஒன்றைக் கழற்றி நீயே பார். பார்க்காமல் மட்டும் ஓட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்; கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

ஓட்டுநர் அண்ணன் வந்து சேர்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். கடிதத்தைப் படித்துவிட்டு, “அக்காவுக்கு வேற வேலையே இல்லைண்ணே” என்றாயாம். பிறகு உள்ளே போனாயாம். அவர் கிளம்புகிற நேரத்தில் கை முழுக்க எண்ணெயோடு ஓடி வந்து, “இதை அக்கா கையிலயே குடுத்துடுங்க” என்றாயாம். உன் ஸ்வெட்டரில் சுற்றி ஒரு பிளேடு. கூட ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்துவிடுமா?

பிளேடின் அடிப்பக்கத்தில் தலைமுடி மாதிரி விரிசல். அறுத்துப் பார்த்தேன், அதே ஊசிகள். ‘ஆகட்டும்’ சார் மேசையில் படத்தையும் பிளேடையும் வைத்தேன். மனிதர் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார். “நிறுத்திடலாம்” என்றார். பிளேடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அன்றே உங்களுக்குச் சொல்லியும் விட்டார்.

அங்கே நீ அதற்கு முன்பே ஓட்டத்தை நிறுத்தியிருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் மின்நிலையக் கூட்டத்தில் எழுந்து நின்று, “மாலிப்டினத்தைக் கூட்டச் சொன்னது நான்தான்” என்று நீயாகவே சொன்னாயாமே. உன்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஏனடா, எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? உன்னோடு உட்கார்ந்து தலையாட்டிய அத்தனை பேரும் அன்றைக்கு மட்டும் ஊமையாகிவிட்டார்களா? நினைத்தாலே எரிச்சலாக வருகிறது. அடுத்த கலவைக்கு மாலிப்டினத்தைக் குறைத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். நீ வந்து பார்த்துத் தப்பு கண்டுபிடி. உன்னளவுக்குக் குதர்க்கமாகப் பார்க்க இங்கே ஆளில்லை.

அம்மாவிடம் நீ இப்போது வேறு பிரிவில் இருக்கிறாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மற்றதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். “ரெண்டு பேரும் படிச்சுக் கிழிச்சீங்க” என்றாள். அப்புறம் ஸ்வெட்டரைக் கையில் எடுத்து, “இந்தக் குளிர்ல இதை எதுக்குக் கழட்டிக் குடுத்தான்” என்று கேட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

எண்ணெய்க் கறை முழுதாகப் போகவில்லை. துவைத்து, காயவைத்து, மடித்து வைத்திருக்கிறேன். ஓட்டுநர் அண்ணன் கேட்டார், கொடுக்கவில்லை. தபாலிலும் அனுப்பப்போவதில்லை. உனக்கு வேண்டுமானால் நேரில் வந்து வாங்கிக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு. கையும் காலும் முழுசாக வந்து சேர்.

உன் அக்கா