மேடையின் வலப்பக்கம் எது, பவா?

என் அன்பு மச்சாள் பவா,

நீ கண்ணை மூடி ஒரு மாரிகாலம் முடிந்துவிட்டது. அங்கேயும் நீ இங்கே நில், நீ அங்கே போ என்று ஆட்களை விரட்டிக்கொண்டுதான் இருப்பாய். உன்னால் சும்மா இருக்க முடியாதே.

நான் இப்போது பத்தாம் தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். தவணை தொடங்கிய கிழமை பலகையில் எழுதிப் போட்டேன்: மேடை வலம், மேடை இடம், முன்மேடை, பின்மேடை. முன்மேடை என்றால் பார்க்க வந்த சனத்துக்குக் கிட்ட, பின்மேடை என்றால் தள்ளி. அதில் ஒரு கரைச்சலும் இல்லை. நடிகர் சனத்தைப் பார்த்து நிற்கும்போது அவருடைய வலக்கைப் பக்கம்தான் மேடை வலம் என்றேன். வகுப்பில் பாதி வலக்கையைத் தூக்கியது, பாதி இடக்கையைத் தூக்கியது. ஒருத்தன் இரண்டையும் தூக்கினான். எனக்கு நீதான் ஞாபகத்துக்கு வந்தாய்.

அந்த வயதில் நாங்கள் மட்டும் என்ன திறமா? எங்களுக்கு நாடகம் பழக்கிய சேர் வலம் என்றால் எட்டுப் பேரும் எட்டுத் திசைக்குப் போவோம். நீதான் ஒருநாள், இந்த வலம் இடம் எங்களுக்குச் சரிவராது என்று சொல்லி, எங்கள் பள்ளிக்கூட மேடையில், கடலைப் பார்த்த கிழக்குப் பக்கத்துக்கு எழுவான் என்றும், வாவியைப் பார்த்த மேற்குப் பக்கத்துக்குப் படுவான் என்றும் பெயர் வைத்தாய். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் தோணியில் போய்வருகிற சனத்துக்கு வேறென்ன வேண்டும்? பிறகு ஒத்திகையில் ஒருத்தரும் பிழைவிடவில்லை.

போட்டிக்கு நகரத்துக்குப் போனோம். பஸ் குருக்கள்மடம் தாண்டுமட்டும் வசனம் சொல்லிக்கொண்டே போனோம், நினைவிருக்கா? அந்த மண்டபத்து மேடை எங்கள் மேடைக்கு நேரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. போனவுடனே நீ அதைப் பிடித்துவிட்டாய். ஒவ்வொருவராகத் தேடிச் சொன்னாய். கண்ணாடிக்கு முன்னால் மையால் புருவம் கீறிக்கொண்டிருந்த என்னிடமும் வந்தாய்.

“மச்சாள், இஞ்ச எழுவான் படுவான மறந்திரு. உன்ட வலக்கையப் பாத்து வா.”

ஓம் ஓம் என்றேன். என் கவனமெல்லாம் புருவத்தில்.

நாடகத்தில் மகனின் பிணத்தைக் கண்டு தாய், அதாவது நான், வீட்டுக்குள்ளிருந்து ஓடிவர வேண்டும். வீடு மேடை வலத்தில்; எங்கள் மேடையில் அது எழுவான் பக்கம். வாவி என்று நீலச் சீலை கட்டியிருந்தது மேடை இடத்தில். நான் பழக்கதோஷத்தில் கிழக்கைத் தேடிப் போய், அந்த நீலச் சீலைக்குள்ளால் தலைவிரிகோலமாக வெளியே வந்தேன். “தண்ணிக்குள்ளால நடந்து வாறா, பாருங்க” என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னது மேடைக்கே கேட்டது. நான் ஒப்பாரி வைக்க வைக்க மண்டபம் சிரித்தது. பிணமும் சிரித்தது.

யார் பிழை என்று சேர் கேட்டார். பவாதான் எழுவான் பக்கத்தால் வரச் சொல்லித் தந்தவள் என்று வாய்கூசாமல் சொன்னேன். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு, “ஓம் சேர், நான்தான்” என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னாய் பவா? அடுத்த நாடகத்துக்குச் சேர் உன்னைக் கூப்பிடவில்லை. நீயும் அதற்குப் பிறகு மேடைப் பக்கமே போகவில்லை. நான் அதையே படித்து ரீச்சராகவும் வந்துவிட்டேன். கலியாண வீடுகளில் நீயே உன் பிழை என்று அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாய். வெட்கங்கெட்ட நானும் சேர்ந்து சிரித்தேன்.

உன் மகள் யதுஷா இப்போது என் வகுப்பில். உன் குரல், உன் பார்வை, எல்லாம் அப்படியே. இந்த வருடப் போட்டி நாடகத்தில் தாயாக நடிக்கச் சொன்னேன்.

“வேணாம் மாமி. எனக்கும் அம்மாவைப் போலதான், மேடையில பக்கம் தெரியாது. நான் ஏறினா எல்லாம் குழம்பிரும்.”

அழாமல், கோபிக்காமல் சொன்னாள். உன் சுருட்டை முடியைப் போல அதுவும் உன்னிடமிருந்து வந்தது என்கிற மாதிரி. தாயிடம் பறித்தது போதாதென்று பிள்ளையிடமும் பறித்துக்கொண்டிருக்கிறேனே.

நேற்று ஒத்திகையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளிடம் சொன்னேன். புருவம் கீறியது, நீ சொன்னது, நான் கேளாதது, சேரிடம் சொன்ன பொய். ஒன்றையும் மறைக்கவில்லை. ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

“அப்ப அம்மாக்குப் பக்கம் தெரியும்” என்றாள்.

“ஓம் மகள். எங்க எல்லாரையும் விட அவவுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேடையில் ஏறி, எங்களைப் பார்த்து நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் வலக்கைப் பக்கத் திரைக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து தாயின் முதல் வசனத்தோடு ஓடிவந்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவள் என்னை மன்னிப்பாளோ தெரியாது. நீயாவது உயிரோடு இருக்கும்போது ஒருநாள் எனக்கு வாய்நிறைய ஏசியிருக்கலாமே, பவா.

போட்டியன்று சேரைக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்துவேன். திரை திறக்க முன்னம் சனத்துக்கு முன்னால் நின்று, உன் பெயரைச் சொல்லி, நடந்ததை நடந்தபடி சொல்வேன். அதற்குப் பிறகுதான் உன் பிள்ளை மேடைக்கு வருவாள்.

இப்படிக்கு,
உன்னை விற்று ரீச்சரான மச்சாள்,
ராணி