ஞானதாசின் டக் போட்டுக்கு இரண்டு புரொப்பல்லர்

என் அருமை மக்கா ஞானதாசுக்கு,

உன்னைவிட ஆறு மாதம் இளையவனான தாணு எழுதுகிறேன். நானே எழுதுகிறேன், யாரையும் எழுத வைக்கவில்லை. துறைமுகத்தில் இருந்த காலமெல்லாம் என் வீட்டுக்குப் போன கடிதங்களை நீதான் எழுதினாய். நான் ஒன்று சொல்ல நீ ஒன்று எழுதுவாய். நான் சொல்லாத கொஞ்சலையெல்லாம் சேர்த்து எழுதி, ஊரில் என் வீட்டுக்காரியை வெட்கப்பட வைத்தாய். இப்போது பார், என் கையால் எழுதும் முதல் கடிதமே உனக்குத்தான். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும், எனக்கு வேறு என்ன வேலை?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் போட்டு தண்ணீரில் இறங்கிவிட்டது. அதன் அடியில் இரண்டு புரொப்பல்லர் சுற்றுகிறது. நீ சொன்னபடி ஒன்று இல்லை. திட்டுவதாக இருந்தால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உன் வீட்டுக்காரி எஸ்தர் மைனி, என் மதினி, இதைச் சபை மலரில் போடப்போவதாகச் சொல்கிறார். நம் ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீயும் நானும் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் டக் போட்டில் வேலை பார்த்தவர்கள். பெரிய கப்பல் தானாகத் துறைக்குள் வந்து ஒழுங்காக நிற்காது. கயிறு கட்டி இழுத்தும் மூக்கால் தள்ளியும் அதைக் கொண்டுவந்து சேர்க்கிற குட்டிப் படகுதான் டக். நீ கீழே எஞ்சின் டிரைவர். நான் பின்தட்டில் கயிறுக்காரன்.

ஊருக்குத் திரும்பிப் பல வருடம் கழித்து, கதவுக்கு அறுத்ததில் மிஞ்சிய அயினிப் பலகையைக் குடைந்து நம் டக்கைப் போலவே ஒன்று செய்தாய். இரண்டு முழ நீளம். புகைக்குழாய் வைத்தாய். ரிமோட்டில் ஓட மோட்டார் வைத்தாய். சைக்கிள் டியூபை வெட்டிப் பக்கவாட்டில் தொங்கும் டயர்கள்கூட வைத்தாய். பாக்கி இருந்தது புரொப்பல்லர் மட்டும். அதற்குத்தான் எத்தனை வாக்குவாதம்! இரணியல் ஸ்டேஷன் பக்கத்துச் சாயாக்கடையில் நாம் பேசிய பேச்சில் கடைக்காரருக்கே டக் ஓட்டத் தெரிந்திருக்கும்.

நம் பழைய போட்டில் நடுவில் ஒரே புரொப்பல்லர், அதன் பின்னால் சுக்கான். நீ அதிலேயே நின்றாய். அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டால் இழுக்கும் பலம் கூடுமே என்றேன். முகத்தைச் சுளித்தாய். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வைக்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாய். இப்போதைய புது டக்குகளில் வருகிறதே, வயிற்றுக்கு அடியில் தொங்கி எந்தத் திசைக்கும் திரும்பிக்கொள்ளும் ஜோடி, அதையும் சொல்லிப்பார்த்தேன்.

"ஏலே, வயித்தக் கீறி உள்ள வைக்கதுக்கு இதென்ன பிரசவ ஆசுபத்திரியா?" என்றாய். "ஒத்தப் புரொப்பல்லர் வச்சாத்தாம்லே அது நம்ம போட்டு. பின்னால எடுத்தா குண்டி எடது பக்கமா வெட்டணும். வெட்டலைன்னா அது வேற எவனுக்கப் போட்டோ."

ஒருநாள் உன் வீட்டுத் திண்ணையில் இன்னொன்றும் சொன்னாய். "மொத ஓட்டம் எஸ்தருக்காக்கும். ஆயுசெல்லாம் நான் கெடந்த போட்ட அவ ஒரு நாளும் கண்டதில்ல. ரிமோட்டு அவ கையிலதான் இருக்கணும்." மைனி அப்போது உள்ளேயிருந்து, "ஆமா, இனி அது ஒண்ணுதான் எனக்குக் கொறச்சல்" என்றார். ஆனால் அன்று சாயங்காலமே அந்த ரிமோட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கண்டேன்.

பிறகு நீ போய்விட்டாய். புரொப்பல்லருக்கு இன்னும் ஓட்டை போடாத போட்டை மேசைமேல் வைத்துவிட்டு, நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிப் படுத்தவன் எழவில்லை. உன் காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் மைனிக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அது உனக்கு அங்கே தெரியுமா, தெரியாதா? கால் ஓரளவு தேறி, கோலூன்றி நடக்கிறார். கை தேறவில்லை.

இடது கையால் எழுதிப் பழகுங்கள் என்று வைத்தியம் பார்க்கிறவர்கள் சொன்னார்கள். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய டீச்சர் அல்லவா? கோழி கிண்டியது போல எழுதத் தனியாக உட்கார அவருக்கு வெட்கம். ஒருநாள் நான் போனபோது, "கொழுந்தனாரே, இப்படி இருங்க. ஒங்களுக்கும் எழுதத் தெரியாது, எனக்கும் இப்ப எழுதத் தெரியாது. சேந்து படிப்போம்" என்றார். அப்படித்தான் எனக்கு எழுத்து வந்தது. அவர் எழுத்தும் என் எழுத்தும் ஒரே கோணல். இந்தக் கடிதத்தைப் பார்த்தால் மைனி எழுதியது என்றே நினைப்பாய்.

எழுத்தில் எனக்கு உற்சாகம் வந்ததும் போட்டு ஞாபகம் வந்தது. மேசையில் இருந்ததை மைனி அலமாரிக்கு மேலே ஏற்றிவைத்திருந்தார். இறக்கட்டுமா என்று கேட்டேன்.

"அது ரெண்டு கை உள்ளவியளுக்காக்கும். அங்ஙனையே இருக்கட்டும்" என்றார். ரிமோட்டில் இரண்டு குச்சி. ஒன்று வேகத்துக்கு, மற்றது சுக்கானுக்கு. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நாட்களில் அவர் சபைக்குப் போவது தவிர வாசல் இறங்குவதே இல்லை. சபையிலும் முடிந்தவுடன் யாரிடமும் பேசாமல் வந்துவிடுவார். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறித் தக்கலையில் மோட்டார் பழுது பார்க்கும் நிஜாமிடம் போனேன். அவன் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வேகத்தையும் சுக்கானையும் ஒரே குச்சியில ஏத்திரலாம். ஒரு பெருவெரலு மதி, மறு கையே வேண்டாம்" என்றான். எனக்கு உயிர் வந்தது. நீ சொன்னதுபோலவே நடுவில் ஒரே ஓட்டை போட்டு, நீ வாங்கிவைத்திருந்த பித்தளைப் புரொப்பல்லரையே மாட்டினேன். இதை நீ கட்டாயம் கவனிக்க வேண்டும். உன் சொல்படிதான் முதலில் செய்தேன்.

உன் வீட்டுப் பின்னால் வாழைக்குத் தண்ணீர் தேக்கும் சிமெண்டுத் தொட்டியில் விட்டோம். மைனி என் தொல்லை தாங்காமல்தான் வந்தார். ஒற்றைப் புரொப்பல்லர் உள்ள போட்டு ஓடினால்தான் திரும்பும், நின்றால் சுக்கானுக்கு வேலை இல்லை என்பது உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மைனியின் இடது விரல் யோசித்துத்தான் நகரும். அது யோசித்து முடிக்குமுன் போட்டு சுவரில் முட்டியது. பின்னால் எடுத்தார். நீ ஆசைப்பட்ட அந்த வெட்டு அப்படியே வந்தது. பின்பக்கம் இடதுபுறமாக ஒதுங்கிப்போய் அடுத்த சுவரில் இடித்தது. மறுபடியும் முன்னால், மறுபடியும் சுவர்.

"மதி" என்று ரிமோட்டை என் மடியில் வைத்தார். "இதும் என்ன மாதிரி ஒரு பக்கமா இழுக்கு."

அதைக் கேட்டு நான் அன்று சாப்பிடவில்லை. படுத்துக் கிடந்து நம் போட்டையே நினைத்தேன். அது எப்படி அத்தனை சமர்த்தாக வேலை செய்தது? மேலே கேப்டன் சுக்கானைப் பிடித்தார். கீழே நீ அவர் கேட்குமுன் எஞ்சினைக் கொடுத்தாய். பின்னால் நான் கயிற்றை விட்டும் பிடித்தும் நின்றேன். ஒரு புரொப்பல்லருக்கு மூன்று ஆண்பிள்ளைகள்! இங்கே ஒரு பெண்பிள்ளை, அவருக்கு ஒரு விரல். மூன்று பேர் வேலையை அந்த விரல் தலையில் கட்டுவது என்ன நியாயம், நீயே சொல்.

ஆனாலும் உன் வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வைத்தால் அது வேறு எவனுடைய போட்டோ என்று சொன்னாயே. செய்யட்டுமா, வேண்டாமா? உன்னிடம் கேட்டால் நீ பதில் சொல்லும் இடத்திலும் இல்லை. கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது. நம் போட்டு மாதிரி இருக்கவேண்டும் என்றதும் நீதான், மைனி ஓட்டவேண்டும் என்றதும் நீதான். இரண்டும் சேர்ந்து நடக்காது என்றால் ஒன்றை நான் விட்டுத்தானே ஆகவேண்டும்? முதலாவதை விட்டேன்.

நடு ஓட்டையை அயினி ஆப்பு அடித்து அடைத்தேன். வயிற்றுக்கு அடியில் தொங்கும் ஜோடியையும் நிஜாம் சொன்னான். நம் குளத்துப் பாசிக்கும் சேற்றுக்கும் அது சரிவராது என்று வேண்டாம் என்றேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை, இரண்டு மோட்டார், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர். சுக்கானே கிடையாது; அந்த ஒரே குச்சி இரண்டு மோட்டாரையும் ஆட்டும். ஒன்று முன்னால் தள்ளி மற்றது பின்னால் இழுத்தால் போட்டு நின்ற இடத்திலேயே திரும்பும். விரல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். மோட்டார் வயர்களை நானே வீட்டில் சேர்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

தொட்டிக்கு மைனி வரமாட்டேன் என்றார். "குளத்தில் சுவர் இல்லை மைனி" என்றேன். கோலை எடுத்தார். படித்துறையில் நாற்காலி போட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

குச்சியை முன்னால் தள்ளினார். போட்டு அன்னம்போலப் போனது. நடுக்குளத்தில் இடது பக்கம் சாய்த்தார். அது வலது பக்கம் திரும்பி ஆம்பல் இலைகளுக்குள் நுழைந்தது.

"இதென்ன கொழுந்தனாரே? எடதுன்னா வலது போவுது?"

"வலதுன்னு சாச்சுப் பாருங்க மைனி."

"வலதுன்னா எடது போவுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயுசெல்லாம் போட்டின் மூக்குக்கு முதுகைக் காட்டி நின்றவன் நான். கயிறும் பின்னால், இழுக்கிற கப்பலும் பின்னால். கேப்டனுக்கு இடது என்றால் எனக்கு வலது. அதே பழக்கத்தில் போட்டைப் பின்பார்த்து வைத்துக்கொண்டு இடத்து வயரை வலத்திலும் வலத்து வயரை இடத்திலும் சேர்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும் மைனி சிரித்தார். நீ போனபின் நான் கேட்காத சிரிப்பு.

"எல்லாரும் கேட்டியளா? போட்டு முன்னால பாக்கு, அதுக்கு வயரு குடுத்த ஆளு பின்னாலல்லா பாக்குதாரு!" என்று துவைக்கிற பெண்களிடம் சொன்னார். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருத்தி, "டீச்சரே, தாத்தாவயும் திருப்பி வையுங்க" என்றாள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன?

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப்போனேன். "எறங்காண்டாம்" என்றார் மைனி. "நான் கொண்டு வாறேன்."

போட்டை நிறுத்தினார். யோசித்தார். போகவேண்டிய பக்கத்துக்கு எதிராகக் குச்சியைச் சாய்த்தார். போட்டு இலைகளுக்கு நடுவே நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தது. கொஞ்சம் முன்னால். மறுபடி நிறுத்தி, மறுபடி யோசித்து, கொஞ்சம் திருப்பி, பின்பு முன்னால். படித்துறைக் கல்லில் அது தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. நம் கேப்டன்கூடப் போட்டை அப்படிக் கரை அணைத்ததில்லை, மக்கா. அப்போது அவர் வலது கை சேலைத் தலைப்புக்கு வெளியே மடியில் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

படியிலேயே உட்கார்ந்து வயரை மாற்றினேன். பிறகு வாழைத்தண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தேன். அதை அக்கரைவரை இழுத்துப் போய்க் கொண்டுவந்தார். உன் போட்டு என்ன சமர்த்து என்று நான் சொன்னேன்.

"இது ஒங்க அண்ணனுக்க போட்டு இல்ல, கேட்டியளா" என்றார் கண்ணைப் போட்டிலிருந்து எடுக்காமல். "இது எனக்க போட்டாக்கும்."

இப்போது தினமும் சாயங்காலம் குளத்துக்கு வருகிறார். படித்துறைப் பக்கம் மிதந்து வரும் ஆகாயத்தாமரைக் கொத்துகளை இழுத்துக் கரையில் சேர்க்கிறார். பெண்கள் தங்களுக்கு முன்னால் கிடப்பதை முதலில் எடுக்கச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். "வரிசையா வாங்கட்டி" என்று டீச்சர் குரலில் அதட்டுகிறார். கயிறு கட்டுவதும் புரொப்பல்லரில் சுற்றிய பாசியை எடுப்பதும் என் வேலை. பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டது எனக்கு. மேலே கேப்டன் மட்டும் மாறிவிட்டார். கொஞ்சம் கண்டிப்பு அதிகம்.

ஆகையால் மக்கா, ஒன்று சொல்கிறேன். நீ சொப்பனத்தில் வந்து சண்டை போட்டாலும் சரி, நான் அங்கே நேரில் வரும்போது என் சட்டையைப் பிடித்தாலும் சரி. மைனி கையில் ரிமோட் இருக்கும்வரை அந்த இரண்டு புரொப்பல்லரில் ஒன்றைக்கூட நான் கழற்றமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

எஸ்தர் மைனிக்குக் கொழுந்தனும்
உனக்குக் கூடப் பிறக்காத தம்பியுமான
தாணு